ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்

கதவு சாத்திக்கொண்டபோது பெரிய சத்தம்கூட வரவில்லை. முதுகுக்குப் பின்னால் டக்கென்று ஒன்று, அவ்வளவுதான். சங்கரகோமதி அதைக் காதில் வாங்காமல் அடுத்த புள்ளியை வைத்தாள்; அதற்கும் அடுத்த புள்ளிக்கு மாவைக் கிள்ளும்போதுதான் அந்த டக் அவள் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். சாத்தியிருந்தது. இந்த ஜெர்மன் நாட்டுக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, பிடித்துத் திருகினாலும் திரும்பாத ஒரு குமிழ்தான், அழகுக்கு. குமிழைப் பிடித்து இழுத்தாள், தள்ளினாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள், பட்டுப்புடவை கசங்குமே என்று ஒரு நொடி விட்டுவிட்டு மறுபடி தள்ளினாள். அடுத்து அவள் செய்த காரியத்தை வேறொரு நாள் நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும்: தன் வீட்டுக் காலிங்பெல்லைத் தானே அடித்துவிட்டு, யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள். யார் வருவார்கள்? புருஷன் நெல்லையப்பன் வியாழக்கிழமையே கம்பெனி வேலையாக ஹாம்பர்க் போய்விட்டான். உள்ளே இருப்பது எரிகிற விளக்கு, போன், சாவி. இதில் எது எழுந்து வந்து கதவைத் திறக்கும்? எல்லாம் அந்தச் சனியன் பிடித்த ஜன்னலால் வந்தது. ஜன்னலைத் திறக்காதே என்று யார் சொன்னார்கள், திறக்கச் சொல்லித்தான் ஊரே சொல்கிறது, இங்கே காற்றோட்டம் என்பது ஒரு மதம், காலையில் திற, மாலையில் திற, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டாவது திற, இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்தால் வீட்டுக்காரர் உன்னைப் பிடிப்பார். இன்றைக்கு வீட்டில் கல்யாணமாயிற்றே என்று துளி சாம்பிராணி போட்டாள். தலைக்கு மேலே புகை அலாரம் சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது அலறி விடக்கூடாதே என்று ஜன்னலை அகலத் திறந்தாள். அந்தப் பக்கம் ஜன்னல், இந்தப் பக்கம் வாசல், நடுவில் காற்று வந்து தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கோலம் போடாமல் இருந்திருக்கலாம். மூன்று வருஷமாக இந்த வாசலில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை, வாசலா இது, மூன்றாவது மாடிப் படிக்கட்டின் முடிவில் ஒரு சதுரம், சாம்பல் நிறக் கல், அதில் ஒரு மிதியடி. ஆனால் கூடப்பிறந்த தங்கைக்குக் கல்யாணம் நடக்கும்போது அக்கா வீட்டு வாசல் வெறிச்சென்று கிடக்கலாமா என்று காலையில் குளித்துத் தலையைத் துவட்டும்போது ஒரு நினைப்பு வந்தது, வந்த நினைப்பை அடக்கியிருக்க வேண்டும். செண்பகவல்லிக்கு, வீட்டில் எல்லாருக்கும் வல்லிக்கு, இன்று கோவில்பட்டியில் கல்யாணம். பத்தரை பன்னிரண்டு முகூர்த்தம். இங்கே ஏழிலிருந்து எட்டரை. சித்தப்பா மகன் இசக்கிராஜ் மேடையிலேயே நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிடுவதாக ஏற்பாடு. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, சார்ஜரைச் சொருகி, விளக்கை ஏற்றி, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் பின்னால் பாத்திரம் தெரியக்கூடாதே என்று கழுவும் தொட்டியைக்கூட ஒரு துண்டால் மூடி வைத்திருந்தாள். நாற்காலி இப்போது அங்கே காலியாக இருக்கிறது. போன் அடிக்கும், அடித்து ஓயும், மறுபடி அடிக்கும். இசக்கிராஜ், "அக்கா எடுக்க மாட்டேங்கா" என்று வல்லியிடம் போய்ச் சொல்வான், அவனுக்கு எதை யாரிடம் எப்போது சொல்வது என்று தெரியாது, சின்ன வயதிலிருந்தே தெரியாது. அதைக் கேட்டதும் வல்லியின் மூஞ்சி எப்படிப் போகும் என்று கோமதிக்குத் தெரியும்.

ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தவள் வல்லி. டிக்கெட் போடவில்லை, வர முடியாது என்று சொன்ன அன்றைக்குப் போனை வைத்தவள்தான். வர முடியாது என்பதற்குக் காரணம் சொன்னால் அங்கே யாருக்கும் அது காரணமாகவே படவில்லை. இங்கே தங்குவதற்கு ஒரு அட்டை கொடுப்பார்கள், பழைய அட்டையின் தேதி முடிந்துவிட்டது, புது அட்டை வந்தபாடில்லை, அட்டை இல்லாமல் விமானம் ஏறிப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். எத்தனை எளிமையான விஷயம்! அதை அம்மாவிடம் சொன்னபோது, "பாஸ்போர்ட்டு இருக்குல்லா, அப்புறம் என்ன அட்டை?" என்றாள். அப்பாவிடம் சொன்னபோது, "யாரையாவது கண்டு பேசச் சொல்லு மாப்பிள்ளைய" என்றார். யாரைக் கண்டு பேசுவது? அந்த ஆபீசில் மனிதர்களைப் பார்க்க முடியாது, பார்ப்பதற்கு முன்பதிவு வேண்டும், முன்பதிவுக்குக் கம்ப்யூட்டரில் போனால் ஆகஸ்ட் மாதம் வரை இடம் இல்லை என்று வரும், மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்று ஒரு பதில் வரும், அதற்கப்புறம் எதுவும் வராது. ஒரு நாள் நேரிலேயே போய் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே, "நீங்கள் தங்குவதில் ஒரு பிரச்சினையும் இல்லையே, போவதில்தானே பிரச்சினை" என்றார். தங்கை கல்யாணம் என்றாள். வாழ்த்துச் சொன்னார். இதை எந்தப் பாஷையில் வல்லிக்குப் புரியவைப்பது? அக்கா பெரிய இடத்துக்குப் போய்விட்டாள், லீவைச் செலவு பண்ண மனசில்லை, அவ்வளவுதான் என்று வல்லி தானாகவே ஒரு கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். போன வாரம்தான் இறங்கி வந்து பேசினாள். "சரி எக்கா, வரலன்னு ஆயிப்போச்சு. தாலி கட்டும்போது மட்டும் போன்ல இரு. நான் தலையக் குனியதுக்கு முன்னாடி ஒருக்கா உன் மூஞ்சியப் பாத்துக்கிடுதேன்." அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. "உங்கூர்ல ஞாயித்துக்கெழம வேற. காலம்பற தூங்கிப் போட்றாத" என்றும் சேர்த்துச் சொன்னாள். தூங்கிவிட்டாள் என்றுதான் இப்போது நினைப்பாள். வேறென்ன நினைப்பாள், கதவு பூட்டிக்கொண்டது என்றா நினைப்பாள்?

எங்கோ சர்ச் மணி அடித்தது. ஏழாக இருக்கும், எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. ஏழு என்றால் அங்கே பத்தரை, இப்போதுதான் முகூர்த்த நேரமே தொடங்குகிறது, பதினொன்று ஆகாமல் எந்த ஐயரும் தாலியை எடுத்துக் கொடுத்ததில்லை, கொஞ்சம் நேரம் இருக்கிறது, பதறாதே. பதறாமல் என்ன செய்வது? படி இறங்கித் தெருவுக்குப் போகலாம். போனால் கீழே இருக்கிற பெரிய கதவும் இதே ஜாதி, அதுவும் டக்கென்று சாத்திக்கொள்ளும், அப்புறம் கட்டிடத்துக்கும் வெளியே, பட்டுப்புடவையோடு, வெறுங்காலோடு, கையில் மாவுக் கிண்ணத்தோடு ஜெர்மன் தெருவில் நிற்க வேண்டும். காலில் செருப்பு இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டா கோலம் போடுவார்கள்? கல் சில்லென்று உள்ளங்காலில் ஏறியது, ஜூன் மாதமாம், கோடைகாலமாம். கோவில்பட்டி வீட்டுக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். சாத்தினாலும் அது சாத்தினதுதான், பூட்டினதாகாது. பூட்ட வேண்டுமென்றால் அப்பா கொண்டியைப் போட்டு, பூட்டை மாட்டி, சாவியைத் திருகி, பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்விட்டுச் சந்தேகத்தோடு திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். அங்கே வளர்ந்தவளுக்குக் கதவு தன்பாட்டுக்குப் பூட்டிக்கொள்ளும் என்பது எத்தனை வருஷமானாலும் உடம்பில் ஏறவில்லை. நெல்லையப்பன் இதற்காகவே கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சாவிக்கு ஒரு கயிறு வாங்கிக் கொடுத்தான். பள்ளிக்கூடப் பிள்ளையா நான், கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு திரிய, என்று ஆணியில் மாட்டிவிட்டாள். இன்னொரு சாவி அவன் பையில் ஹாம்பர்க்கில் இருக்கிறது. மூன்றாவது சாவி ஒன்று உண்டு, அது சமையலறை இழுப்பறையில் தூங்குகிறது, அதை எதிர்வீட்டில் கொடுத்து வைக்கலாம், இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவன் சொன்னபோது, "அந்தப் பொம்பள கையிலயா என் வீட்டுச் சாவியக் குடுப்பேன்?" என்று கேட்டது யார்? இவள்தான். சொன்ன இடமும் இதே வாசல்தான்.

விளக்கு. ஐயோ, விளக்கு. ஜன்னல் திறந்திருக்கிறது, திரைச்சீலை மெல்லிசு, காற்றில் உள்பக்கமாக உப்பும். மேஜை ஜன்னலுக்குப் பக்கத்திலா, ஒரு முழம் தள்ளியா? தள்ளித்தான் இருந்தது, நாற்காலியைப் போடும்போது நகர்த்தினோமா, நகர்த்தினோம், எந்தப் பக்கம் நகர்த்தினோம்? கதவில் காதை வைத்துக் கேட்டாள். அலாரம் அலறவில்லை, அப்படியென்றால் தீப்பிடிக்கவில்லை, அல்லது இன்னும் பிடிக்கவில்லை. மூக்கை வைத்துக் கதவிடுக்கில் முகர்ந்தாள், சாம்பிராணி வாசனைதான் வந்தது, சாம்பிராணி வாசனைக்கும் திரை கருகும் வாசனைக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு, தெரியும், தெரியாது. ஒருவேளை அந்தக் காற்றில் விளக்கு அணைந்திருக்கலாம். அணைந்திருந்தால் நல்லது என்று நினைத்த மறுநொடி வாயிலடித்துக்கொண்டாள். தங்கை கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் விளக்கு அணைந்தால் நல்லதா? எரிந்தாலும் பயம், அணைந்தாலும் பயம், இப்படி ஒரு விளக்கை யார் ஏற்றச் சொன்னார்கள்? அந்த நேரம் உள்ளே போன் அடித்தது. கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், வீடியோ அழைப்பின் அந்தத் துள்ளல் பாட்டு. இசக்கிராஜ். கோமதி இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன், இருக்கேன்" என்றாள் கதவைப் பார்த்து. பாட்டு முடிந்தது. திரும்பத் தொடங்கியது. முடிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், ஆள் கிடைக்காததால் கதவை ஓர் உதை விட்டாள், கால் விரல்தான் வலித்தது.

எதிர்வீட்டைத் தட்டலாம். தட்டக்கூடாது. கீழ்த்தளத்தில் பல் டாக்டர் கிளினிக், ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது. நடு மாடிக்காரர்கள் போன வாரமே காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது எதிர்வீட்டு ஹேபர்லே அம்மாள், எழுபதைத் தாண்டியவள், தனிக்கட்டை, இந்தக் கட்டிடத்தின் அறிவிக்கப்படாத போலீஸ். இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வு. ஆணி அடிக்கக்கூடாது, கண்ணாடிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, துணி துவைக்கிற மிஷினுக்குக்கூட யோசிக்க வேண்டும். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கர் மூன்று விசில் விட்டதற்கு ஹேபர்லே அம்மாள் வந்து நின்றாள். "உங்கள் வீட்டில் ஏதோ அபாய மணி அடிக்கிறது, தீயணைப்புக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டாள். கோமதி பருப்பு என்றாள். பருப்புக்கு எதற்கு மணி என்றாள் அவள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா, அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பருப்பு சட்டியில் மணிக்கணக்காக வேகிறது. அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் கதவின் ஓட்டைக்கண்ணில் பார்த்து, எதிர்வீட்டம்மாள் படி இறங்கும் சத்தம் முழுசாக ஓய்ந்த பிறகுதான் கோமதி வெளியே காலை வைக்கிறாள். இது போதாதென்று இந்த வாரம் படிக்கட்டைத் துடைக்கிற முறை கோமதியுடையது. முறைக்கு அடையாளமாக ஒரு மரப்பலகை வாரா வாரம் வீடு மாறும், இப்போது அது இவள் கதவில்தான் தொங்குகிறது. அந்தப் பலகைக்கு நேர் கீழே, துடைக்க வேண்டியவளே, வெள்ளை வெளேரென்று அரிசி மாவைக் கொட்டி வைத்திருக்கிறாள். பாதிக் கோலம். சிக்குக்கோலம் என்று தொடங்கியது, புள்ளி முடியவில்லை, கோடு ஒன்று எங்கேயோ புறப்பட்டு எங்கும் சேராமல் நிற்கிறது.

தட்டித்தான் என்ன ஆகும்? அவளிடம் சாவி இல்லை. போன் இருக்கும், இருந்தால்? யார் நம்பர் மனசில் இருக்கிறது? நெல்லையப்பன் நம்பர் பூஜ்யம் ஒன்று ஏழில் தொடங்கும், அதற்கு மேல் தெரியாது, கட்டின புருஷன் நம்பர் தெரியாது, போனில் அவன் படத்தைத் தொட்டால் அவன் பேசுவான், எதற்கு நம்பர்? வல்லியுடையது தெரியாது. இசக்கிராஜ் வருஷத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவன். படியில் உட்கார்ந்தாள், பட்டுப்புடவை அழுக்காகும் என்று எழுந்தாள், துடைத்த படிதானே, நீதானே துடைத்தாய் என்று திரும்ப உட்கார்ந்தாள். சர்ச் மணி ஒரு தரம் அடித்தது, கால் மணியா, அரை மணியா? இந்நேரம் வல்லியைக் கூரைப்புடவையோடு கூட்டி வந்திருப்பார்கள். அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் அலைவார், பந்தியில் ரசம் பற்றாதோ என்று அவருக்கு இப்போதே கவலை. அம்மா ஹேண்ட்பேக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பாள், அதற்குள் நகைப்பெட்டி, மாத்திரை, மடித்த கைக்குட்டை, அம்மாவின் போன். அம்மாவின் போன்! கோமதி எழுந்து நின்றாள். ஒன்பது எட்டு நாலு. பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, கேஸ் சிலிண்டருக்குச் சொன்னது, காலேஜ் விடுதியில், பஸ் டிக்கெட்டில், பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட ஒப்பித்தது. அம்மா அந்த நம்பரை இன்றுவரை மாற்றவில்லை. ஒன்பது எட்டு நாலு, ரெண்டு, வாயால் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள், இடையில் தடுக்காமல் வந்தது. மறந்து போவதற்குள் என்று எதிர்வீட்டு மணியின் மேல் விரலை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை, மணி. வைத்த விரல் அழுத்த மாட்டேன் என்றது. உன் தங்கை பெரிசா, இந்த அம்மாளின் முகச்சுளிப்பு பெரிசா என்று விரலைக் கேட்டாள். அழுத்தினாள்.

ஹேபர்லே அம்மாள் நீலப்பூ போட்ட வீட்டு அங்கியில் வந்தாள். உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்து, நெற்றிப் பொட்டு, கழுத்து ஆரம், அரக்குப் பட்டு என்று பார்வையை இறக்கி வெறுங்கால் விரல்களில் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு அவளைத் தாண்டி எதிர் வாசல் தரையைப் பார்த்தாள். "நம் கட்டிடத்தில் எறும்பா?" என்றாள் பதறி. எறும்பு மருந்து தூவியிருப்பதாக நினைத்திருக்கிறாள். எறும்பு இல்லை என்றாள் கோமதி. "பிறகு எதற்கு அந்தப் பொடி?" என்று அவள் விடவில்லை. எறும்புக்குத் தீனியாகும் என்றுதான் ஊரில் அரிசி மாவில் கோலம் போடுவார்கள், அதை இப்போது சொன்னால் குடி கெட்டது. "என் தங்கைக்கு இன்று கல்யாணம். கதவு பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. போன் உள்ளே. விளக்கு எரிகிறது. ஒரே ஒரு போன் செய்ய வேண்டும்" என்று கோமதி மூச்சுவிடாமல் சொன்னாள், சொல்லிவிட்டு மன்னிக்கவும் என்பதை இரண்டு தரம் சேர்த்தாள். ஹேபர்லே அம்மாள் காதில் விழுந்தது எரிகிறது என்பது மட்டும்தான். "திறந்த நெருப்பா?" என்றாள், உள்ளே திரும்பி நடந்தாள், பால்கனியிலிருந்து எட்டி இவள் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள், புகை இல்லை, திரை நன்றாக இருக்கிறது என்றாள், இருந்தாலும் தீயணைப்பைக் கூப்பிடுவது நல்லது என்றாள். தீயணைப்பு வண்டி வேண்டாம், தயவுசெய்து வேண்டாம் என்று கோமதி கையைக் கூப்பினாள். அப்படியானால் பூட்டுக்காரர் என்று சொல்லி, அம்மாள் கண்ணாடியைத் தேடி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பரைத் தேடி, முகவரியை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, மூன்றாவது மாடி, இடப்பக்கம், இல்லை, மன்னிக்கவும், நமக்கு வலப்பக்கம் என்று விளக்கி, ஞாயிற்றுக்கிழமை அழைப்பதற்கு வருத்தம் தெரிவித்து, பூட்டுக்காரர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தும் முடித்தாள். கோமதி பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்பது எட்டு நாலு என்று உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் சிரிப்பாள் இந்தப் பொம்பளை? இத்தனை நாள் சிரித்து ஒரு தரமாவது பார்த்திருப்போமா? கடைசியில் போனைக் கொடுக்கப் போனவள் நிறுத்தி, "தரை குளிரும்" என்று சொல்லிவிட்டு விருந்தாளிச் செருப்பு ஒன்றைத் தேடிக்கொண்டு வந்து காலடியில் வைத்தாள். அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் போன் கைக்கு வந்தது.

முதல் தடவை அடித்து அடித்து நின்றது. ஹேண்ட்பேக்குக்குள் மாத்திரைக்கும் கைக்குட்டைக்கும் நடுவில் அது அடிப்பது இங்கிருந்தே தெரிந்தது. இரண்டாம் தடவை யாரோ எடுத்தார்கள். "அலோ" என்பதற்குள் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து பொங்கி வந்து காதை அடைத்தன. "அத்தையா? மதுரை அத்தையா? நான் கோமு பேசுதேன்! வல்லிட்ட குடுங்க!" என்று கத்தினாள். "யாரு? ஒண்ணும் கேக்கலையே" என்று அங்கே அத்தை கத்தினாள். அத்தைக்குப் பின்னால் யாரோ, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கையை உயர்த்திச் சொல்வது கேட்டது, கை உயர்வதே கேட்ட மாதிரி இருந்தது, உடனே எல்லா வாத்தியமும் ஒரே இரைச்சலாக, அதற்குமேல் பெண்களின் குலவை. ஹேபர்லே அம்மாள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஆயிற்று, யாருக்கு என்ன என்று கண்ணால் கேட்டாள். கோமதி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். வேறொருவர் வீட்டு நடைவழியில், வேறொருவர் செருப்பில், கோட்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் தங்கைக்குத் தாலி ஏறுவதைக் காதால் கேட்டுக்கொண்டு நின்றாள். வல்லி குனிந்திருப்பாள். குனிவதற்கு முன்னால் பார்த்திருப்பாள். இசக்கிராஜ் தூக்கிப் பிடித்த போனில் என்ன தெரிந்திருக்கும், அடித்துக்கொண்டே இருக்கிற ஒரு பச்சை வட்டம். இணைப்பு அறுந்தது. அத்தை அமுக்கியிருப்பாள். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேளம் ஓயட்டும் என்று கொஞ்சம் நின்று, மூன்றாம் தடவை அடித்தாள். இந்தத் தடவை அத்தைக்குக் கேட்டது. "ஏ கோமுவா? இவ்வளவு நேரம் எங்கட்டி போன? இந்தா, பொண்ணுட்டயே குடுக்கேன்."

"எக்கா" என்றாள் வல்லி. குரலில் ஒன்றும் இல்லை.

"வல்லி, ஏட்டி, நான் வெளிய மாட்டிக்கிட்டேன்டி. கதவு பூட்டிக்கிட்டு. போன் உள்ள இருக்கு. வாசல்ல கோலம் போட வந்தேன், அதுக்குள்ள பூட்டிக்கிட்டு."

"யாரு பூட்டுனா?"

"யாரும் பூட்டல. தானா பூட்டிக்கிட்டு."

"தானா எப்படிக்கா பூட்டும்?"

"இங்க அப்படித்தான்டி. காத்தடிச்சா..."

"காத்தடிச்சா கதவு சாத்தும். பூட்டுமாக்கா?" என்றாள் வல்லி. அவள் பக்கத்தில் அத்தை, "என்னது, கோமுவ வெளிய வச்சுப் பூட்டிட்டாவளா?" என்று கேட்பது கேட்டது. இன்னொரு குரல், யார் குரலோ, "யாரு, மாப்பிள்ளையா?" என்றது. "நான் அன்னைக்கே சொன்னேன்லா, அதிகம் பேசாத ஆள நம்பக்கூடாதுன்னு" என்று மறுபடி அத்தை. செய்தி மேடையிலிருந்து இறங்குவது கோமதிக்கு இங்கிருந்தே தெரிந்தது, முதல் வரிசை, இரண்டாம் வரிசை, பந்தி வாசல். எங்கோ அம்மாவின் குரல் உடைந்தது. "எம் பிள்ளைய என்ன செஞ்சான்? கல்யாணத்துக்கு விடலன்னதும் நெனச்சேன்!" வல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எக்கா, எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு. அத்தான் அடிச்சாவளா?" என்றாள். அத்தானா? ஹாம்பர்க்கில் விடுதி அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார் உன் அத்தான். அதைச் சொன்னால் வீட்டில் ஏன் இல்லை என்பார்கள். ஹாம்பர்க் ஏன் என்பார்கள். கைப்பிடி இல்லாத கதவு, திறந்தே ஆக வேண்டிய ஜன்னல், அவன் பையில் கிடக்கிற சாவி, கொடுக்காமல் வைத்த சாவி, வராத அட்டை, ஒவ்வொன்றாக இந்தக் கம்பி வழியாக அனுப்பி அங்கே மண்டபத்தில் அடுக்கிக் காட்ட வேண்டும், அதற்குள் அம்மா மயங்கி விழுவாள், சம்பந்தி வீட்டார் என்ன ஏது என்று கூடிவிடுவார்கள், கழுத்தில் தாலி ஏறின ஈரம் காயுமுன்னே வல்லியின் கல்யாணம் கோமுவைப் புருஷன் வீட்டை விட்டுத் துரத்தின கல்யாணம் என்று ஆகிவிடும். நடந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது போலிருந்தது.

"இல்லட்டி" என்றாள் கோமதி. "சும்மா சொன்னேன். தூங்கிட்டேன்."

"என்னது?"

"தூங்கிட்டேன்டி. ராத்திரி லேட்டாப் படுத்தேன், அலாரம் கேக்கல. நீ ஏசுவன்னு கதவு கிதவுன்னு அளந்துட்டேன். அம்மைட்டச் சொல்லு, ஒண்ணுமில்லன்னு சொல்லு."

அங்கே வல்லிக்குப் பக்கத்தில் அத்தை, "தூங்கிட்டாளாம்!" என்று அறிவித்தாள், யாரோ சிரித்தார்கள், சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக இறங்கியது. "மூதேவி, இன்னைக்குமா தூங்குவா?" என்று அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே திட்டினாள், திட்டில் உயிர் வந்திருந்தது. அது போதும் என்று நினைத்தாள் கோமதி, போதவில்லை.

"நான் நிமிந்து நிமிந்து பாத்தேன்க்கா. தலையக் குனிம்மா, குனிம்மான்னு ஐயரு ரெண்டு தடவ சொல்லிட்டாரு" என்றாள் வல்லி. "சரி, வைக்கேன். போட்டோவுக்குக் கூப்பிடுதாங்க."

கோமதி போனைத் தன் முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். ஹேபர்லே அம்மாள் அதை வாங்கித் தாங்கியில் வைத்துவிட்டு, இன்னொரு கோப்பையில் காப்பியை ஊற்றி, சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே இரண்டு கட்டி போட்டு நீட்டினாள். "தங்கையிடம் பேசிவிட்டீர்களா?" என்றாள்.

"பேசிவிட்டேன்."

"என்ன நடந்தது என்று சொன்னீர்கள் அல்லவா? நம்பினாளா?"

"நம்பினாள்" என்றாள் கோமதி. "உடனே நம்பிவிட்டாள்."